செவிவழிப் புகுந்த அணங்கு: எம். வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ பற்றி ஓர் ஆராய்ச்சி

எம். வி. வெங்கட்ராம் இயற்றிய ‘காதுகள்’ என்னும் புதினம் 1992-ஆம் ஆண்டில் வெளிவந்து, 1993-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசினைப் பெற்றது. பரிசு பெற்ற நூல் பலராலும் பாராட்டப்பெறும்; ஆராயப்பெறும் என்பதற்கு உறுதியில்லை. இந்நூலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மூன்று பக்கமாகப் பிரிந்து நிற்கக் காண்கின்றோம். ஆசிரியர் தம் வாழ்க்கையையே எழுதினார் ஆதலின் இது தன்வரலாறு என்பர் சிலர். இல்லாத ஒலியைக் கேட்கும் மனநோயின் குறிப்பேடு என்பர் சிலர். தெய்வ ஆற்றலுக்கும் தீய ஆற்றலுக்கும் இடையே ஒருவன் உள்ளத்தில் நிகழ்ந்த போரின் வரலாறு என்பர் வேறு சிலர். மூன்றும் முழுப் பொய்யல்ல. ஆயினும், கதைத்தலைவனாகிய மகாலிங்கத்திற்கு ஒரு வீடு உண்டு என்பதை மூவரும் மறந்துவிடுகின்றனர். மனைவியும் மக்களும் வறுமையும் நிறைந்த அவ்வீட்டை நீக்கிவிட்டால் இப்புதினத்தில் அச்சமே எஞ்சாது என்பது எம் கருத்து. அதனை நிறுவுதற்கு முயல்வாம்.

கதையை முதற்கண் சுருங்கக் கூறுதல் நலம். மகாலிங்கம் வளமுள்ள குடியிற் பிறந்தவன்; வாணிகம் நொடிந்து வறியவனானவன்; எழுத்தாளன்; முருகன்பால் நீங்காப் பத்தி உடையவன். வாழ்வின் நடுப்பருவத்தில் அவன் செவிகளில் குரல்கள் கேட்கத் தொடங்குகின்றன. ஆண்குரலும் உண்டு, பெண்குரலும் உண்டு. அவை ஏசுகின்றன, எள்ளுகின்றன, நாகூசும் சொற்களை ஓயாது மொழிகின்றன, தம்முள் பூசலிடுகின்றன. உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும் வழிபாட்டில் அமரும்போதும் அவன் அவற்றினின்றும் விடுதலை பெறுவதில்லை. அருகில் இருப்பவர் எவர்க்கும் அவை கேட்பதில்லை. வெளிநிகழ்ச்சி என்று சொல்லத்தக்கது இவ்வளவே. இதனை ஒரு முழு நூலாக வளர்த்தமை ஆசிரியரது துணிவு.

ஆசிரியர் 1920-இல் கும்பகோணத்தில் சௌராட்டிரக் குடியிற் பிறந்தவர், பட்டுச் சரிகை வாணிகம் செய்தவர், தி. ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு ஆகியோரின் நண்பர். 2000-ஆம் ஆண்டில் மறைந்தவர். நூலிற் கூறப்படுவது தாம் நேரிற் பட்டது என்பதை அவர் மறைத்தாரல்லர். அவருடைய முதற் கதை ‘மணிக்கொடி’யில் வெளிவந்தது 1936-இல், அப்பொழுது அவர்க்கு அகவை பதினாறு. அந்நாளில் மணிக்கொடியைச் சிறுகதை ஏடாக நடத்தி வந்தவர் வத்தலக்குண்டு பி. எஸ். இராமையா. திண்டுக்கல் சமவெளியின் மேற்கோரத்தில் மலையடியில் கிடக்கும் அவ்வூர், தமிழ்ப் புதினத்தின் தொடக்க காலத்திலேயே பி. ஆர். இராஜமையரை ஈன்ற ஊர். குடந்தைப் பிள்ளை ஒருவரின் முதற் கதைக்கு இடம் தந்த கை இப்பகுதியினது என்பது எம்மனோர்க்குச் சிறு மகிழ்ச்சி தரும் செய்தி. அஃது ஒருபுறம் இருக்க, ‘காதுகள்’ நூலை விளங்கிக்கொள்ளுதற்குத் திண்டுக்கல் வட்டாரம் வேறு வகையிலும் உதவுகின்றது. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதலில் தன்வரலாறு என்னும் கொள்கையை எடுத்துக்கொள்வோம். தமிழில் தன்மை இடத்து நின்று கூறும் புனைகதைகள் தொடக்கம் முதலே உள்ளன. 1879-இல் அச்சேறிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ பிரதாப முதலி தானே தன் கதையைச் சொல்வதாக அமைந்தது. அ. மாதவையா 1903-இல் வெளியிட்ட ‘முத்துமீனாட்சி’ ஓர் இளம்பெண் தன் துயரைத் தானே எழுதுவதாக அமைந்தது. வேதநாயகர் பிரதாப முதலி அல்லர். மாதவையா முத்துமீனாட்சி அல்லர். புனைந்த ஒருவரின் வாயில் ‘நான்’ என்னும் சொல்லை வைத்து, நடந்தது போன்ற தோற்றத்தை அவர்கள் உண்டாக்கினர். வெங்கட்ராம் செய்தது இதற்கு நேர்மாறு. நடந்ததை எடுத்துக்கொண்டு, ‘நான்’ என்பதை நீக்கி, மகாலிங்கம் என்னும் பிறிதொரு பெயரைச் சூட்டிப் படர்க்கையில் நிறுத்தினார்.

இவ்வாறு செய்தமைக்கு நாணம் காரணமாகலாம் என்று கூறக் கேட்டுள்ளோம். எமக்கு அது பொருந்துவதாகத் தோன்றவில்லை. நாணியவர் நூலையே எழுதியிரார். எழுதினும் தம் பட்டறிவென்று ஒப்பியிரார். காரணம் நூலின் பொருளிலேயே உள்ளது. செவியில் ஓயாது ஒலிக்கும் குரல்கள் ஒவ்வொன்றும் ‘நான்’ என்றே பேசுகின்றன. தெய்வப் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொள்ளும் குரலும் ‘நான்’ என்கின்றது. அதனை மறுக்கும் குரலும் ‘நான்’ என்கின்றது. இத்தனை தன்மைச் சொற்களுக்கு நடுவே ஆசிரியரும் ‘நான்’ என்று தொடங்குவாராயின், எது அவர் குரல், எது வந்தேறிய குரல் என்று பிரித்தறிதல் இயலாது. படர்க்கைப் பெயர் ஒன்றே அவர்க்குக் காலூன்ற இடம் தந்தது. மகாலிங்கம் என்று சொல்லும்போதெல்லாம், சொல்பவர் ஒருவர் குரல்களுக்கு அப்பால் நலமாக அமர்ந்திருக்கிறார் என்னும் உறுதி படிப்பவர்க்குக் கிடைக்கின்றது.

தம்மைத் தாமே படர்க்கையில் வைத்துப் பேசுதல் தமிழுக்குப் புதிதன்று. காரைக்கால் அம்மையார் தம் பதிகத்தின் கடைக்காப்பில் தம்மைக் காரைக்காற்பேய் என்றே குறித்தார். வணிகக் குடி, அஞ்சி விலகிய கணவன், உதிர்த்த உடல், பேயுரு என்று அவர் வரலாற்றைச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். குடும்பக் கதையும் பேய்க் கதையும் தன்கூற்றும் ஒன்றாகப் பின்னிய பழைய வடிவம் அஃது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அம்மையார்க்குப் பேயுரு வேண்டிப் பெற்ற பேறு. மகாலிங்கத்திற்கு வந்ததோ வேண்டாத விருந்து. அம்மையார் வீட்டை விட்டு ஆலங்காடு சென்றார். மகாலிங்கம் வீட்டிலேயே இருக்கின்றான்.

மேலைநாட்டு நூல் இரண்டினை ஈண்டு ஒப்பு நோக்குதல் பயன்தரும். செருமானிய நீதிபதியாகிய டேனியல் பால் சிரேபர் தாம் கேட்ட குரல்களைப் பற்றி எழுதிய நினைவுக் குறிப்பு 1903-இல் வெளிவந்தது. 1911-இல் பிராய்டு அதனை ஆராய்ந்தார். சிரேபர் ‘நான்’ என்றே எழுதினார். மருத்துவ விடுதியினின்றும் விடுதலை பெற வழக்காடிய காலத்தில் எழுதப்பட்டமையின் அந்த ‘நான்’ வழக்காடும் ‘நான்’ ஆயிற்று. தன் அறிவு கெடவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்தது. மற்றொன்று ஆங்கிலப் புதின ஆசிரியர் ஈவ்லின் வா 1957-இல் வெளியிட்ட நூல். கில்பர்ட் பின்போல்டு என்னும் எழுத்தாளர் பட்ட துன்பத்தைக் கூறுவது அது. வாவும் தாம் 1954-இல் பட்டதையே, பெயர் மாற்றிப் படர்க்கையில் எழுதினார். பின்போல்டு இலங்கைக்குக் கப்பலேறுகின்றார். கப்பலில் குரல்கள் அவரை ஏசத் தொடங்குகின்றன. இரண்டு நூலும் பிறந்த வகை ஒன்றே. எனினும், வாவின் நூலைப் படித்து முடித்தவர்க்கு ஒருவகை நகைச்சுவையே மனத்தில் தங்கும். வெங்கட்ராமின் நூல் அவ்வாறு விடுவதில்லை. இவ்வேறுபாட்டிற்கு இரு காரணம் காட்டலாம். பின்போல்டு உட்கொண்ட உறக்க மருந்துகளே குரல்களுக்குக் காரணம் என்று மருத்துவர் விளக்கம் தந்துவிடுகின்றார். அன்றியும், குரல்கள் கேட்டது கப்பலில். வீடு வேறோரிடத்தில் அமைதியாக இருக்கின்றது. அவர் அங்கே திரும்பிச் சென்று, பட்டதை எழுத அமர்கின்றார். மகாலிங்கத்திற்குக் கப்பல் இல்லை. அவன் கேட்பது தன் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும். திரும்பிச் செல்ல வேறு வீடும் இல்லை.

இனி நோய் என்றும் அணங்கு என்றும் இருதிறத்தார் கூறுவதை எடுத்துக்கொள்வோம். இவ்வழக்கைத் தீர்ப்பதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எமக்குப் பெரிதும் துணை செய்கின்றது. அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக ஆசிரியர் நான்கினைக் கூறுவர்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இந்நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பன. பெரும்பாலும் வீட்டுக்கும் புறத்தே நிற்பன. அணங்கு மலையிலும் சுனையிலும் உறையும். விலங்கு காட்டில் திரியும். கள்வர் வழியில் மறைந்திருப்பர். அரசனது சினம் அவைக்களத்தில் நிகழும். அஞ்சியவன் வீட்டுக்குள் புகுந்து கதவடைத்துக் கொண்டால் தப்பலாம். ‘காதுகள்’ காட்டும் அணங்குக்கு இந்த இலக்கணம் முழுதும் பொருந்தவில்லை. அது செவிவழி உள்ளே புகுந்துவிட்டது. கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு இதழ் உண்டு. செவிக்கு மூடி இல்லை. புறத்தே ஒலிப்பதாயின் விரலால் அடைக்கலாம். உள்ளே ஒலிப்பதை எங்ஙனம் அடைப்பது?

நோய் என்று கொள்வார் கருத்து மெய்ப்பாட்டியலில் வேறிடத்தைச் சாரும். பிணி இளிவரலுக்கு உரிய நிலைக்களன். நோயுற்றானைக் காணும்போது நமக்குத் தோன்றுவது இரக்கம் கலந்த ஒதுக்கம். இப்புதினத்தை மனநோய்க் குறிப்பேடு என்று முடிவு செய்துவிட்ட மாணாக்கர் எழுதும் ஆய்வேடுகளில் அவ்வொதுக்கமே தலைதூக்கி நிற்கின்றது. மகாலிங்கம் ஆராயப்படும் உடலாகிவிடுகின்றான். அவன் கேட்கும் குரல்களை மருத்துவம் பெயரிட்டு அறியும் என்பதை யாம் மறுக்கவில்லை. பெயரிட்டவுடன் படிப்பவர் நெஞ்சில் அச்சம் தணிந்துவிடுகின்றதா என்பதே வினா. தணியவில்லை, படித்தவர் எவரும் இதற்குச் சான்று பகர்வர். ஆகவே நூலின் ஆற்றல் பிணியில் மட்டும் இல்லை என்பது பெறப்படும்.

அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்குத் தொல்காப்பியர் கூறும் நான்கு நிலைக்களன்களை இப்பொழுது நினைவு கூர்தல் வேண்டும். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. அவற்றுள் அசைவு என்பது முன்னிருந்த நன்னிலை கெட்டு வருந்துதல். மகாலிங்கத்தின் குடும்பக் கதை முழுதும் அசைவும் வறுமையும் ஆகும். சரிகை வாணிகம் நேற்றிருந்து இன்று இல்லாமற்போகும் இயல்பினது. பட்டின் விலையும் பொன்வெள்ளியின் விலையும் ஏறி இறங்கும்போதெல்லாம் குடும்பங்கள் ஏறி இறங்கும். நெசவுத்தொழில் நடக்கும் ஊர்களில் வாழ்வோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. திண்டுக்கல் நாகல்நகரிலும் சின்னாளப்பட்டியிலும் தறியோடு வாழ்ந்த குடும்பங்களைக் கேட்டால், கடன்காரன் வாயிற்கதவைத் தட்டும் ஓசைக்கு எப்படிச் செவிசாய்த்துக் கிடப்பர் என்பதைச் சொல்வர்.

எம் கருத்தின் நடுநிலைக்கு இங்கே வருகின்றோம். ‘காதுகள்’ அச்சத்தையும் அழுகையையும் ஒரே செவியில் வைத்தது. மகாலிங்கம் இருவகை ஒலிகளைக் கேட்கின்றான். ஒன்று பிறர்க்குக் கேளாத குரல். மற்றொன்று எல்லார்க்கும் கேட்கும் வீட்டின் ஒலி: மனைவியின் சொல், மக்களின் தேவை, வாங்கிய கடனின் நினைவூட்டல். முதல் ஒலி இரண்டாவதை மூழ்கடிக்கப் பார்க்கின்றது. குரல்கள் மனைவியையும் மக்களையும் பற்றியும் இழித்துப் பேசுகின்றன. அவற்றுக்கு அவன் விடை சொல்லத் தொடங்கினால் வீட்டார் செவியில் விழுவது அவன் சொல் மட்டுமே. யாருமில்லா இடத்தை நோக்கி ஒருவன் சினந்து பேசுவதாகவே அவர்கட்குத் தோன்றும். விடை சொல்லாதிருந்தால் குரல்கள் ஓங்கும். வாயைத் திறந்தால் குடும்பத்தை இழக்கலாம். மூடினால் தன்னை இழக்கலாம். பேய்க் கதைகளில் இத்தகைய முட்டுப்பாட்டை யாம் வேறெங்கும் கண்டதில்லை. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ (1943) எழுத்தாளன் ஒருவன் வீட்டுக்குள் ஐயத்துக்குரிய பெண் ஒருத்தி வேலைக்கு வந்தமர்ந்த கதை. வீட்டுக்குள் அச்சத்தைக் கொணர்ந்ததில் அஃது இதற்கு முன்னோடி. ஆயினும் அங்கே கதைசொல்லியின் நகையுணர்ச்சி அவனைக் காத்து நிற்கின்றது. அஞ்சவும் செய்வான், தன் அச்சத்தைத் தானே கேலி செய்யவும் செய்வான். மகாலிங்கத்தினிடமிருந்து கேலி செய்யும் உரிமையையும் குரல்கள் பறித்துக்கொண்டன.

திண்டுக்கல் வட்டாரத்தின் துணையைப் பின்னர்க் காண்போம் என்றோம். இச்சமவெளியின் ஊர்ப்புறங்களில் கோடாங்கி என்பவர் உண்டு. உடுக்கை அடித்துக் குறி சொல்பவர். பேய் பிடித்தது என்று கருதப்படுவாரை அமர்த்தி, பிடித்தது எது என்று கேட்பவர். அச்சடங்கின் அமைப்பை நோக்குக. உடுக்கை ஒலிக்க, பிடிக்கப்பட்டவர் தலைவிரித்து ஆட, அவர் வாய்வழியே வேறொரு குரல் எழும். ‘யார் நீ, எந்த ஊர், எப்படிச் செத்தாய், என்ன வேண்டும்’ என்று வினாக்கள் பிறக்கும். ஆவி பெயர் சொல்லும், குறை சொல்லும், கேட்பதைக் கேட்கும். சேவலோ சேலையோ கொடுப்பதாக ஒப்பி, புளியமரத்தில் முடியை வைத்து ஆணி அடித்து அனுப்பிவிடுவர். இதன் உண்மை பொய் எமக்கு இங்கு வேண்டா. இலக்கிய மாணாக்கர் கருத வேண்டியது இச்சடங்கு முழுதும் ஊரார் கேட்கும் உரையாடல் என்பதே. மாமியார் கொடுமையால் கிணற்றில் வீழ்ந்தவள், பங்காளிப் பூசலில் வெட்டுண்டவன் என்று வீட்டுக்குள் புதைத்த செய்திகள் ஆவியின் வாயால் வெளிப்படும். குடும்பம் வாயடைத்து வைத்ததைப் பேய் வாய்திறந்து பேசும். ஊர் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும்.

மகாலிங்கத்தின் துன்பம் எந்தக் கோடாங்கிக்கும் எட்டாதது. அவனை வருத்துவது அவன் வாயிற் பேசவில்லை. அவன் செவியிற் பேசுகின்றது. வாயிற் பேசும் ஆவியை ஊர் விசாரிக்கலாம். செவியிற் பேசுவதை ஒருவனே விசாரிக்க வேண்டும். அது சொல்லும் பெயர் மெய்ப்பெயர்தானா என்று சான்று காட்ட எவரும் இல்லை. தெய்வத்தின் பெயரைச் சொன்னால் தெய்வமா, தெய்வமாக நடிப்பதா? விசாரிப்பவனும் அவனே, வழக்கில் அகப்பட்டவனும் அவனே. மரபு அமைத்துக் கொடுத்த வாயில் இவ்வாறு அடைபட்டமையால் புதினம் அவ்விடத்தை நிரப்ப வருகின்றது. கோடாங்கி செய்திருக்க வேண்டிய பணியை, அதாவது ஒருவர் செவியில் கேட்பதைப் பலர் செவிக்குக் கொண்டுவருதலை, அச்செழுத்து செய்கின்றது. குரல்களின் பேச்சை ஆசிரியர் சுருக்கிச் சொல்லாமல் நெடும்பக்கங்களாக விரித்து எழுதினமைக்கு இதுவே நியாயம் எனக் கருதுகின்றோம். அவற்றைப் படிக்கும்போது நாம் சலிக்கின்றோம், அருவருக்கின்றோம், நூலை மூடிவைக்க எண்ணுகின்றோம். மகாலிங்கத்திற்கு மூடிவைக்க முடியவில்லை என்பது அப்பொழுதுதான் உறைக்கின்றது.

இதனால் நூலில் குறையே இல்லை என்பது எம் கருத்தன்று. குரல்களுக்கும் பத்திக்கும் நடக்கும் போரைத் தாமத குணம், சத்துவ குணம் என்னும் கொள்கைகொண்டு விளக்க முற்படும் இடங்கள் எமக்கு நிறைவு தரவில்லை. அங்கே புதினம் நின்று தத்துவம் பேசத் தொடங்குகின்றது. பட்டவர் தாம் பட்டதற்கு ஒரு பொருள் தேடுதல் இயற்கை. அதனைக் குறை கூறுதல் அறமன்று. ஆயினும், விளக்கம் வருமிடத்து அச்சம் விலகுகின்றது. வீடும் கண்ணுக்கு மறைகின்றது. ஆசிரியர் விளக்காது விட்ட பக்கங்களே வலியன.

பத்தியைப் பற்றிச் சொல்லியபோது முருகனைப் பற்றி ஒரு சொல் கூறாதிருத்தல் ஆகாது. சங்க அகப்பாடல்களில் தலைவியின் மெலிவு கண்ட தாய், முருகு அணங்கியது என்று கருதி வேலனை அழைத்து வெறியெடுப்பாள். ஐங்குறுநூற்றில் வெறிப்பத்து என்றே கபிலர் பத்துப் பாட்டுப் பாடினார். அங்கு முருகனே வருத்துவோன் என்று தாயால் ஐயுறப்படுகின்றான். மெய்க்காரணம் தலைவனது காதல் என்பது தோழிக்குத் தெரியும், தலைவிக்குத் தெரியும், படிக்கும் நமக்கும் தெரியும். அறியாதவர் தாயும் வேலனும். அவ்வறியாமையில்தான் அப்பாடல்களின் நயமெல்லாம் பிறக்கின்றது. அணங்கா நோயா என்னும் வழக்கைத் தமிழ்க் கவிதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்கொண்டது என்பதற்கு இது சான்று. ‘காதுகள்’ அவ்வழக்கை மீண்டும் எடுத்தது. ஆனால் இரண்டு மாற்றங்களோடு எடுத்தது. வருத்துவோன் என்று ஐயுறப்பட்ட முருகன் இங்கே ஒரே புகலிடமாகின்றான். தாயினும் மிகுதியாக அறிந்திருந்த படிப்பவன் இங்கே அவ்வுயர்வை இழக்கின்றான். மகாலிங்கத்தின் மனைவி எவ்வளவு அறிவாளோ அவ்வளவே நாமும் அறிவோம். வெறிப்பாட்டில் தோழியின் பக்கம் நின்ற நாம், இப்புதினத்தில் தாயின் பக்கம் தள்ளப்படுகின்றோம்.

மனைவியின் பக்கம் என்று கூறியது காரணத்தோடே. இந்நூலை இராஜமையரின் ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ நூலோடு வைத்துப் படித்தல் வேண்டும். விவேகசிந்தாமணியில் 1893 முதல் 1895 வரை தொடர்ந்து வந்த அப்புதினமும் செவியின் கதையே. தலைப்பில் உள்ள அபவாதம் என்பது பழிச்சொல். சிறுகுளத்துப் பெண்டிரின் வம்பர் மகாசபையில் முளைக்கும் சொற்கள் வாய்விட்டு வாய் தாவி வீடுகளைப் பிளக்கின்றன. இறுதியில் கமலாம்பாளைப் பற்றிய பழி அவள் கணவராகிய முத்துஸ்வாமி ஐயரின் செவியையும் எட்டுகின்றது. செல்வமும் போய், மகனும் காணாமற்போய், மனைவியின்மேல் நம்பிக்கையும் போன அவர் வீட்டை விட்டு நீங்குகின்றார். சச்சிதானந்த சுவாமிகளிடத்து அமைதி காண்கின்றார். இராஜமையர் 1896-இல் தொடங்கிய ‘பிரபுத்த பாரத’த்தின் ஆசிரியராகி, 1898-இல் இருபத்தாறாம் அகவையில் மறைந்தவர். வீட்டைத் துறந்து வேதாந்தத்தில் ஒதுங்கும் முத்துஸ்வாமி ஐயரின் வழி அவருடைய உள்ளம் நாடிய வழி எனலாம்.

ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில் எழுந்த இவ்விரு புதினங்களிலும், செல்வம் இழந்த குடும்பத் தலைவன் ஒருவன் செவிவழி வந்த தீச்சொல்லால் அலைக்கப்படுகின்றான். முன்னதில் சொல்லுக்கு வாய் உண்டு. அது பொன்னம்மாள் வாயாகவோ வம்பர் சபையின் வாயாகவோ இருக்கும். பின்னதில் சொல்லுக்கு வாய் இல்லை. முன்னதில் கணவன் காசிவரை செல்லலாம். கமலாம்பாள் இருந்து வருந்துவாள். பின்னதில் கணவன் எங்கும் செல்வதில்லை. கடவுளைத் தேடுகின்றான், ஆனால் அடுத்த வேளைச் சோற்றையும் தேடுகின்றான். எழுதிக் கிடைக்கும் சிறு பொருளுக்காகக் குரல்களின் நடுவே எழுதுகின்றான். வெங்கட்ராம் தாமும் சிறுவர்க்கான வாழ்க்கை வரலாற்று நூல்கள் பலவற்றைப் பொருள் கருதி எழுதியவர் என்பதை ஈண்டு நினைக்கலாம். துறவை முடிவாகக் காட்டுதல் நம் கதைமரபில் எளிது. துறவுக்கு உரிய அத்தனை காரணங்களும் இருந்தும் ஒருவன் வீட்டிலேயே இருந்தான் என்று எழுதுதல் அரிது. அவன் இருந்தமைக்கு அவனது பத்தி மட்டும் காரணமன்று. அவனைப் பித்தன் என்று ஒதுக்காது உடனிருந்த மனைவியும் காரணம். தனக்குக் கேளாத ஒன்று கணவனுக்குக் கேட்கின்றது என்பதை ஏற்று, அதனோடு வீட்டையும் நடத்திச் செல்லும் அவளைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதத் தகும். நூலில் அவள் பேச்சு குரல்களின் பேச்சைவிடக் குறைவு. குறைவாயினும், படிப்பவர் செவி அவள் சொல்லுக்கே காத்திருக்கின்றது.

முடிவாக, ஆய்வு மாணாக்கர் கருதத்தக்க வினா ஒன்று உளது. சௌராட்டிரர் வீட்டில் பேசுவது சௌராட்டிர மொழி. எழுதுவதும் வெளியில் வழங்குவதும் தமிழ். வெங்கட்ராம் தம் குடியினரின் நெசவு வாழ்க்கையை ‘வேள்வித் தீ’ (1975) என்னும் புதினத்திலும் தமிழிலேயே எழுதினார். ‘காதுகள்’ நூலில் குரல்கள் தமிழ் பேசுகின்றன. நூல் தமிழ் நூல் ஆதலின் அவ்வாறே அமைய வேண்டும். ஆயின் உள்ளத்தின் ஆழத்தினின்றும் எழும் சொல் தாய்மடியில் கேட்ட மொழியில் எழுமா, கற்று எழுத்தாளனான மொழியில் எழுமா? குரல்களின் தமிழ் எழுத்துநடையா, தெருநடையா, இரண்டன் கலப்பா? வசைச்சொற்களில் வீட்டுமொழியின் தொடரமைப்பு எங்கேனும் ஊடுருவி நிற்கின்றதா? நாகல்நகரில் பிறந்து இரு மொழியும் அறிந்த முதுகலை மாணாக்கர் எம் வகுப்புகளில் உளர். நூலைப் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு, மகாலிங்கத்தின் சொல், மனைவியின் சொல், குரல்களின் சொல் என்று மூன்று நிரல் வகுத்துத் தொடரமைப்பை ஒப்பிட்டுப் பார்க்கும் பணி அவர்களால் ஆகக்கூடியது. தமிழ் மட்டும் அறிந்த எம்மால் ஆகாதது.